26 வாரம் சரி, அந்தப் பணம் யார் கையிலிருந்து வருகிறது?

போன மாதம் என் சித்தி மகள் இரண்டு ஆஃபர் லெட்டர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அக்கா, எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, இரண்டு வருஷத்துக்குள் குழந்தை வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருக்கிறார்கள், அதனால் சம்பளத்துக்கு முன்னால் மகப்பேறு விடுப்பைத்தான் பார்த்திருக்கிறாள். கோயம்புத்தூர்க் கம்பெனி 26 வாரம் என்கிறது. சென்னைக் கம்பெனி 30 வாரம் என்கிறது, சம்பளமும் மாதம் 4,000 ரூபாய் அதிகம். அவள் மனசு பாதி சென்னைக்குப் போய்விட்டது என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

நான் கோயம்புத்தூரில் சம்பளக் கணக்குப் போடுகிறவள், 12 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் வாரத்தை விட்டுவிட்டுச் சம்பளப் பிரிப்பைக் கேட்டேன். கோயம்புத்தூரில் மாதம் 52,000, விடுப்புக் காலத்திலும் அதே கிராஸ் சம்பளம் (பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம்) என்று பாலிசியில் தெளிவாக இருந்தது. சென்னையில் 56,000, ஆனால் விடுப்புக் காலத்தில் "சட்டப்படியான கூலி" மட்டும் என்று ஒரே ஒரு வரி. அந்தக் கூலி எவ்வளவு என்று ஹெச்ஆரிடம் எழுதிக் கேள் என்றேன். 28,000 என்று பதில் வந்தது. இப்போது கணக்குப் போடுங்கள். 26 வாரம் என்றால் 182 நாள், கிட்டத்தட்ட 6 மாதச் சம்பளம், 3,12,000 ரூபாய். 30 வாரம் என்றால் 210 நாள், மாதம் 28,000 வீதத்தில் ஏறத்தாழ 1,94,000 ரூபாய். நாலு வாரம் அதிகம் தருகிற இடத்தில் கைக்கு வருகிற பணம் 1,18,000 ரூபாய் குறைவு. பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிற ஆறு மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தால் அந்த வீடு என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த 28,000 எங்கிருந்து வந்தது? 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கூலி என்று சொன்னபோது அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்தே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது, அதில் கூலிக்கு வேறு வரையறை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் உள்ளே, வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் வெளியே, ஆனால் வெளியே வைத்தவை எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய அளவு மறுபடியும் கூலிக்குள் வந்துவிடும். பிஎஃப், கிராஜுவிட்டி விஷயத்தில் இது தொழிலாளிக்கு நல்லது, ஏனென்றால் பேசிக்கை வேண்டுமென்றே குறைத்து வைக்கிற பழக்கத்துக்கு இது ஒரு தடை. ஆனால் மகப்பேறு விஷயத்தில் அதே வரையறையைப் பிடித்துக்கொண்டு, பாதிச் சம்பளம்தான் சட்டப்படியான கூலி என்று ஒரு கம்பெனி வாசிக்க இடம் இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் அப்படி வாசிப்பதில்லை, நிறைய இடங்களில் முழு கிராஸ் சம்பளமே தொடர்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை வாரம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சம்பளத்தில் என்று கேட்க வேண்டும், கேட்டதற்கு மெயிலில் பதில் வாங்கி வைக்க வேண்டும்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பம்பாய் மாகாணத்தில் 1929இலேயே மகப்பேறு நலச் சட்டம் வந்தது, நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல். அப்போது 12 வாரம். 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "ஒரு வருஷம் முடிக்காதவங்களுக்குக் கிடையாது" என்று சொல்கிற ஹெச்ஆர்களை நானே பார்த்திருக்கிறேன், அது தவறு. கருச்சிதைவு ஆனால் 6 வாரம், பிரசவத்தை ஒட்டி உடம்புக்கு முடியாமல் போனால் கூடுதலாக ஒரு மாதம் வரை, இவையும் சம்பளத்தோடுதான். இவற்றைக் கேட்டு வாங்குகிற பெண்கள் மிகக் குறைவு, குறிப்பாகக் கருச்சிதைவு விடுப்பை. அந்த நேரத்தில் யாருக்கு விண்ணப்பம் எழுதத் தோன்றும்? பாதிப் பேர் சாதாரண லீவ் போட்டுவிட்டு அழுதுகொண்டே நாலாம் நாள் ஆபீஸ் வந்துவிடுகிறார்கள்.

182 நாள் என்று ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து எண்ணுகிறோமே, அந்தக் கணக்குக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்தக் காலத்து 12 வார விடுப்பில், ஞாயிறு கூலியில்லாத நாள் என்று சொல்லி 12 ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது நிர்வாகம். அவர் 84 நாளுக்கும் கேட்டார். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல், ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்த்தி, வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று தீர்ப்பு வந்தது. குழந்தை பெற்ற உடம்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடாமல் இருக்குமா என்ன. இன்றைக்கு ஐடி கம்பெனியில் இருக்கிறவர் கையில் 182 நாள் சம்பளம் வருவதற்குப் பின்னால் அந்தத் தோட்டத் தொழிலாளியின் 12 ஞாயிறுகள் இருக்கின்றன, இதை நான் நேரம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். அதே 26 வாரம், ஆனால் பணம் இரண்டு வேறு இடங்களிலிருந்து வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார், அவருக்கு மகப்பேறு பணம் ஈஎஸ்ஐ கழகத்திலிருந்து. 21,000ஐத் தாண்டியவருக்குக் கம்பெனி முதலாளியே தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிற பெண்ணை எடுத்துக்கொள்வோம், மாதம் 18,000 என்று வைப்போம். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிப்பார்கள், கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டும். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச், இப்படி ஆறு ஆறு மாதம்) 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் 26 வாரத்துக்கும் முழுச் சராசரிக் கூலி. காய்ச்சல் என்று படுத்தால் ஈஎஸ்ஐயில் 70 சதவீதம்தான், பிரசவத்துக்கு 100 சதவீதம். நாளுக்கு 590 ரூபாய் வீதம் 1,07,000 சொச்சம் அவர் வங்கிக் கணக்குக்கு வரும். இதில் கம்பெனிக்கு அந்த ஆறு மாதமும் ஒரு ரூபாய் செலவில்லை.

முக்கியமான விஷயம் அந்த 585 ரூபாயில்தான் இருக்கிறது. அதே கம்பெனியில் அதே 18,000 வாங்குகிற ஆண் தொழிலாளிக்கும் முதலாளி 585தான் கட்டுகிறார். கல்யாணமாகாத பெண்ணுக்கும் 585, ஐம்பது வயது அம்மாவுக்கும் 585. ஆக, யாரை வேலைக்கு எடுத்தால் பிரசவச் செலவு வரும் என்று முதலாளி கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாருடைய பணமும் ஒரு பொதுப் பானையில் சேர்கிறது, தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்கிறார்.

இப்போது 21,000க்கு மேலே வருவோம். 12 பேர் வேலை செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, அங்கே 45,000 சம்பளத்தில் ஒரு கணக்காளர். அவர் பிரசவத்துக்குப் போனால் 2,70,000 ரூபாய் முதலாளி தர வேண்டும், அவர் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் தனி. 20,000 பேர் இருக்கிற பெரிய ஐடி கம்பெனிக்கு இது கடலில் ஒரு துளி. 12 பேர் கம்பெனிக்கு அந்த வருஷ லாபமே அதுவாக இருக்கலாம். நான் முதலாளிகளுக்காகப் பேசவில்லை, ஆனால் இண்டர்வியூ முடிந்து பெண் வெளியே போனதும் "கல்யாணம் ஆயிருச்சா, குழந்தை இருக்கா கேட்டீங்களா" என்று முதலாளி கேட்பதை என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி 21,000க்குக் கீழே உள்ள வேலைக்கு இவ்வளவு அழுத்தமாக வருவதில்லை.

எனக்கே நடந்தது. 2015இல் நான் மாசமாக இருந்தபோது வேலை பார்த்த இடத்தில் 14 பேர். அப்போது 12 வாரம்தான் சட்டம். ஏழாம் மாதம் முதலாளி கூப்பிட்டு, "இப்ப ரிசைன் பண்ணிருங்க, குழந்தை பொறந்து நல்லாகி வாங்க, மறுபடியும் சேத்துக்கறோம்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு, நானும் நம்பி எழுதிக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்துப் போனால் என் இடத்தில் வேறொருவர். கர்ப்பமாக இருக்கும்போதும் விடுப்பில் இருக்கும்போதும் வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம், அது அன்றைக்கும் சட்டம்தான். ஆனால் நானே கையெழுத்துப் போட்ட ராஜினாமாக் கடிதத்துக்கு எந்தச் சட்டம் வந்து பதில் சொல்லும்? அன்றைக்கு 14 பேருக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த எனக்கே இது தெரியவில்லை என்பது இன்றைக்கும் வலிக்கிறது. இதைப் படிக்கிற யாரும், யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், கர்ப்ப காலத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். விடுப்பு விண்ணப்பம் மட்டும் எழுதுங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த 183ஆவது உடன்படிக்கை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. குறைந்தது 14 வார விடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தின் சுமையைத் தனிப்பட்ட முதலாளி மேல் நேரடியாகப் போடாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுப்பதையே அது பொது விதியாக வைக்கிறது. இந்தியா அதில் இன்னும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. வார எண்ணிக்கையில் நம் 26 அந்த 14ஐ எங்கோ தாண்டி நிற்கிறது, பணம் வருகிற வழியில்தான் பின்தங்கி நிற்கிறோம். 2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், மாதம் 15,000 வரை வாங்குகிற பெண்களுக்கு 7 வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பித் தருகிற ஒரு யோசனையைப் பற்றிப் பேசியது. என் கையில் வந்துபோன எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அப்படித் திரும்பி வந்த ஒரு ரூபாயைக்கூட நான் பார்த்ததில்லை. ஈஎஸ்ஐ மாதிரி ஒரு சின்னச் சதவீதத்தை எல்லாச் சம்பளத்திலும், ஆண் பெண் பார்க்காமல், பிடித்து ஒரு நிதி வைத்தால் இண்டர்வியூ அறையில் அந்தக் கேள்விக்கே வேலையிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

21,000 என்ற கோட்டில் நிற்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 20,500 வாங்குகிறவருக்கு ஏப்ரலில் இன்கிரிமென்ட் போட்டு 22,000 ஆனால் அவர் ஈஎஸ்ஐக்கு வெளியே வந்துவிடுவார். அதே இன்கிரிமென்ட் மே மாதம் வந்தால் செப்டம்பர் வரை உள்ளேயே இருப்பார், ஏனென்றால் பங்களிப்புக் காலத்தின் நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை தொடரும். வெளியே வந்தவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கம்பெனி "நீங்க ஈஎஸ்ஐ ஆளாச்சே" என்று கை காட்டும், ஈஎஸ்ஐ "நீங்கதான் வெளிய போயிட்டீங்களே" என்று சொல்லும். நடுவில் நிற்பது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண். முன்பு கட்டிய பங்களிப்பு இன்னும் கணக்கில் இருக்கலாம், அதை ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள், இல்லை என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு கம்பெனியிடம் போங்கள்.

அரசு வேலை வேறு உலகம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2011இல் 6 மாதம், 2016இல் 9 மாதம், 2021 ஜூலை 1 முதல் 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. என் அண்ணி அரசுப் பள்ளி ஆசிரியை, குழந்தை தவழ்ந்து எழுந்து நிற்கிறவரை வீட்டில் இருந்தார், முதல் பிறந்தநாள் முடிந்துதான் பள்ளிக்குப் போனார். என் மகன் முதலில் குப்புற விழுந்ததை நான் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதற்குள் இன்னொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அண்ணிமேல் பொறாமை இல்லை, அது எல்லாருக்கும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

மத்திய அரசில் 180 நாள்தான், கேட்டால் தமிழ்நாட்டில் பாதி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் தனியாக உண்டு, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பிரித்துப் பிரித்து எடுக்கலாம், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் எடுக்கலாம், பிள்ளைக்கு டெங்கு வந்தாலும் எடுக்கலாம். மேலதிகாரி அனுமதி வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். பிறந்த குழந்தை இறந்துபோனாலோ இறந்தே பிறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022இல் மத்திய அரசு உத்தரவு போட்டது, அதைப் படித்தபோது யாரோ ஒருவர் உட்கார்ந்து மனுஷத்தனமாக யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. பொதுத்துறை வங்கியில் ஒரு பிரசவத்துக்கு 6 மாதம், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 12 மாதம். ஆக வங்கித் தேர்வும் மத்திய அரசுத் தேர்வும் மாநிலத் தேர்வும் எழுதி மூன்றிலும் இடம் கிடைத்த பெண்ணுக்கு, ஒரு வருஷம் மொத்தமாக வேண்டுமா, ஆறு மாதமும் அப்புறம் பதினெட்டு வருஷத்துக்கு ஒரு சேமிப்பும் வேண்டுமா என்பதுதான் ஒப்பீடு. உதவிக்கு அம்மா வீடு பக்கத்தில் இருந்தால் நான் இரண்டாவதை எடுப்பேன்.

அரசு என்றாலும் போராடாமல் கிடைப்பதில்லை. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்து, மறுமணத்துக்குப் பின் கருவுற்ற தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, இரண்டு குழந்தை விதியைக் காட்டி விடுப்பை மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் வென்றார், மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

அதே அரசு ஆபீஸில் அடுத்த நாற்காலியில் காண்ட்ராக்டில் இருக்கிற டேட்டா என்ட்ரி பெண்ணின் நிலைமை என்ன? அவர் சம்பளம் ஏஜென்சி வழியாக வருகிறது, ஒப்பந்தம் 11 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அவர் கர்ப்பம் என்று தெரிந்தால் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது சுலபம், யாரும் வேலைநீக்கம் என்று சொல்ல மாட்டார்கள். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் விடுப்பின் நடுவில் முடிந்தாலும் மகப்பேறு பலன் அதோடு நிற்காது, முழுக் காலத்துக்கும் தர வேண்டும் என்று 2023இல் ஒரு ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் சொன்னது. இது இரண்டும் தெரிந்த ஏஜென்சிகள் குறைவு, தெரிந்த பெண்கள் அதைவிடக் குறைவு. விண்ணப்பத்தில் அந்த 2023 தீர்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதினாலே பேச்சின் தொனி மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சித்தி மகளுக்கு நான் சொன்ன இன்னொன்று, போகிற வழியை மட்டும் பார்க்காதே, திரும்பி வருகிற வழியையும் பார். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017 திருத்தமே சொன்னது. நிறையக் கம்பெனிகள் ஆபீஸில் இடம் ஒதுக்காமல் பக்கத்தில் ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும், அது ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரம், மதியம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர முடியுமா, பாதிச் செலவு நம் தலையிலா என்று கேட்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு, சாப்பாட்டு நேரத்தில் கழிப்பது இல்லை. அந்த வருஷ அப்ரைசல் எப்படிப் போடுகிறார்கள் என்பதை நிச்சயம் கேட்க வேண்டும். ஆறு மாதம் இல்லை என்று சராசரி ரேட்டிங் போட்டு இன்கிரிமென்ட்டைக் குறைத்தால் அந்தக் குறைவு ஒரு வருஷத்தோடு போகாது, அதன் மேல்தான் அடுத்த வருஷச் சதவீதமும் வரும். கிராஜுவிட்டிக்கும் போனஸுக்கும் விடுப்புக் காலம் வேலை பார்த்த காலமாகத்தான் எண்ணப்பட வேண்டும். அப்புறம் சில பாலிசிகளில் திரும்பி வந்து 6 மாதமோ ஒரு வருஷமோ வேலை பார்க்காவிட்டால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சட்டம் தருகிற 26 வாரத்துக்கு அப்படி நிபந்தனை போட முடியாது, சட்டத்துக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. கம்பெனி தன் விருப்பத்தில் கூடுதலாகத் தருகிற வாரங்களுக்குப் போட்டால் அது வேறு விஷயம்.

இன்னொன்று, பணம் வருகிற நாள். பிரசவத்துக்கு முந்தைய விடுப்புக்கான பணத்தை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகவே தர வேண்டும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஏறத்தாழ எல்லாரும் மாதச் சம்பளமாகத்தான் போடுகிறார்கள், அதை நானும் செய்திருக்கிறேன், பெரும்பாலான பெண்களுக்கு அதுவே வசதி. ஆனால் சிசேரியனுக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டியவர் மொத்தமாகக் கேட்டு வாங்க உரிமை உண்டு. கம்பெனி செலவில் மருத்துவ வசதி இல்லையென்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. தரவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

அப்பாக்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மத்திய அரசில் 15 நாள். தனியாரில் சட்டம் ஒன்றுமே கேட்கவில்லை. சொமேட்டோ 2019இல் ஆண்களுக்கும் பெண்களைப் போலவே 26 வாரம் என்று அறிவித்தது, நல்ல விஷயம். ஆனால் அதே பெயர் போட்ட சட்டையோடு வண்டியில் உணவு கொண்டுவருகிறவர்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் என்ற கணக்கில் வருவதில்லை, அந்த விடுப்பு அவர்களுக்கு இல்லை.

அங்கேதான் இந்த ஒப்பீடு முழுதாக உடைந்துபோகிறது. 10 பேருக்குக் குறைவான கடை, வீட்டு வேலை, வயல் வேலை, வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குப் பிசிர் வெட்டுகிற வேலை, இவர்களுக்குச் சம்பளம் தர வேண்டிய முதலாளி என்று சட்டத்தின் கண்ணில் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் தொடங்கியது, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் ஆனது. அதில் 14,000 பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், மத்திய அரசின் மகப்பேறு உதவியும் இதற்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்) வாங்கியிருக்க வேண்டும், தவணை தவணையாக வரும், இரண்டு பிரசவத்துக்கு மட்டும். மற்ற மாநிலங்களோடு பார்த்தால் நல்ல திட்டம். ஆனாலும் அந்த 14,000 ரூபாயை 182 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 77 ரூபாய் வருகிறது. 77 ரூபாய்க்கு எந்த வீட்டில் ஒரு பிள்ளைபெற்றவளை ஆறு மாதம் உட்கார வைக்க முடியும்?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் போன வருஷம் ஏழாம் மாதத்தில், "அக்கா, நான் நின்னுக்கறேன், வேற ஆள் பாத்துக்குங்க" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. வேலை நேரம் முழுக்க அடுத்தவர்களின் மகப்பேறு பணத்தைக் கணக்குப் போடுகிறேன், எனக்கே ஒருவர் வேலை செய்கிறார் என்பது கணக்கில் வரவில்லை. நாலு வீட்டில் வேலை, வீட்டுக்கு 2,500, மாதம் 10,000. நாலு வீட்டுக்காரர்களையும் நான் போய்ப் பார்த்தேன். மூன்று வீடு ஒத்துக்கொண்டது, மூன்று மாதத்துக்குச் சம்பளம் தருவது, வேலை அவருடையதாகவே இருக்கும், அதுவரை அவரவர் வீட்டு வேலையை அவரவர் செய்துகொள்வது என்று. நாலாவது வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். மாதம் 7,500 வீதம் 22,500 ரூபாய் அவர் கைக்குப் போனது, அரசுப் பணத்தின் முதல் தவணை தனியாக வந்தது. ஆறு மாதம் கேட்டிருக்கலாம், கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாலாம் மாதம் அவர் வந்தபோது குழந்தையைக் கையோடு கொண்டுவந்தார், எங்கள் வராண்டாவில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டோம். சித்தி மகள் கோயம்புத்தூர்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், போன ஞாயிறு வந்தபோது அந்தத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, காப்பகம் ஆபீஸிலிருந்து 400 மீட்டர்தான் அக்கா, நடந்தே பார்த்துவிட்டேன் என்றாள்.